அப்பாவுக்குப் பிடித்த பாட்டில் கால் நிற்கிறது, பிடிக்காத பாட்டில் நடக்கிறது. ஏன்?

ஜெராக்ஸ்கடை (பட்டுக்கோட்டை):

இதை மருத்துவப் பகுதியில் போடுவதா இசைப் பகுதியில் போடுவதா என்று தெரியவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் இங்கே வருவதால் பொதுவில் கேட்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 74 வயது. பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். இந்த ஊரில் நாற்பது தாண்டிய ஆண்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். என் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வந்தால் இன்னும் குரலைத் தாழ்த்தித்தான் "சார் எப்படி இருக்காங்க" என்று கேட்பார்கள். அவருக்குப் பார்க்கின்சன் நோய். நடுக்குவாதம் என்று பெயர், ஆனால் அவருக்கு நடுக்கம் பெரிய தொல்லை இல்லை. கால்தான் தொல்லை. கூடத்தில் நன்றாக வந்துகொண்டே இருப்பார். நிலைப்படிக்கு முன்னால் வந்ததும் இரண்டு பாதமும் தரையில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகப் பார்க்கும், கால் வராது. பின்னால் இருந்து யாராவது "போங்கப்பா" என்றால் இன்னும் மோசம். வேடிக்கை என்னவென்றால், மாடிப்படி ஏறச் சொன்னால் ஏறிவிடுகிறார். சமதரையில்தான் தகராறு.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பள்ளிக்கூட மைதானம் இருக்கிறது. ஆகஸ்ட் 15 வருகிறதென்றால் பிள்ளைகள் மார்ச் பாஸ்ட் ஒத்திகை பார்ப்பார்கள். அன்றைக்கு அப்பா வழக்கம்போல நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவசரப்படுத்தாமல் பக்கத்தில் நின்றேன். மைதானத்தில் டிரம் ஆரம்பித்தது. அவ்வளவுதான். இடது காலைத் தூக்கி வைத்தார், வலது காலை வைத்தார், வாசல் தாண்டி, திண்ணை தாண்டி, கேட் வரைக்கும் போய்விட்டார். டிரம் நின்றது, அவரும் நின்றார். அம்மா "பழக்கதோஷம்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கினேன். அப்பா இலங்கை வானொலி காலத்து ஆள். டிரான்சிஸ்டரைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்கியவர். அறுபதுகளின் சோகப் பாட்டும் தத்துவப் பாட்டும் அவருக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டேன். நடந்துகொண்டிருந்தவர் நின்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்தார், கண்ணை மூடினார், கூடவே முணுமுணுத்தார். இரண்டாவது சரணம் வரும்போது கண்ணில் தண்ணீர். கால் என்று ஒன்று இருக்கிற நினைப்பே அவருக்கு இல்லை.

அப்புறம் அக்கா மகன் வந்தான். அவன் போனில் ஒரு குத்துப்பாட்டு, எல்லாக் கல்யாண மண்டபத்திலும் ஓடுகிற ரகம். அப்பாவுக்கு அந்த வகையே ஆகாது. "நிறுத்துடா அந்தக் கருமத்தை" என்று திட்டிக்கொண்டே எழுந்தார், கூடம் கடந்தார், நிலைப்படியைத் தாண்டினார், போனைப் பிடுங்கப் போனார். பாட்டின் அடிக்கு அடி கால் விழுந்தது. எல்லாரும் பார்த்தோம், அவரைத் தவிர.

மருத்துவரிடம் சொன்னேன். "நல்லதுதான், போட்டுவிடுங்க" என்றார். எதைப் போடுவது? பிடித்த பாட்டில் நிற்கிறார், பிடிக்காத பாட்டில் நடக்கிறார். இதற்கு ஏதாவது காரணம் உண்டா? இன்னொன்று, பழைய பாட்டில் அவர் அழுவது உடம்புக்குக் கெடுதலா? அம்மா கவலைப்படுகிறாள்.


நீலாம்பரி:

தம்பி, நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். இசைக்கு உடம்பைத் தேற்றும் சக்தி உண்டு என்பது நமக்குப் புதிதில்லை. புறநானூற்றின் 281ஆம் பாட்டைப் பாருங்கள். போரில் புண்பட்டுக் கிடக்கிறான் ஒருவன். வீட்டில் வேப்பிலை செருகி, வெண்கடுகு தூவி, நறும்புகையோடு யாழும் பல வாத்தியங்களும் ஒலிக்க, ஆம்பல் குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி அவன் புண்ணைக் காக்கலாம் வா என்று தோழியை அழைக்கிறாள் அவன் மனைவி. அரிசில்கிழார் பாட்டு.

அப்பாவுக்கு ஆனந்தபைரவி ராகம் போட்டுப் பாருங்கள், ரத்த அழுத்தம் இறங்கும். இரவில் நீலாம்பரி ராகம். குத்துப்பாட்டு நரம்பைக் கெடுக்கும், வேண்டாம்.


நடைபழக்கி (திருச்சி):

இயன்முறை மருத்துவம் என் தொழில். நரம்பியல் நோயாளிகளுக்கு நடை சொல்லிக்கொடுப்பதுதான் அதில் பெரும்பகுதி. உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வாராவாரம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் நீலாம்பரி அம்மாவின் கடைசி வரிக்கு. குத்துப்பாட்டு யார் நரம்பையும் கெடுக்காது. இவர் அப்பாவுக்கு இப்போது இருக்கிற மருந்துகளில் அதுவும் ஒன்று.

நடக்கும்போது நாம் காலை யோசிப்பதில்லை. "இப்போது அடுத்த அடி" என்று உள்ளேயே ஒரு தட்டு விழுந்துகொண்டிருக்கிறது. மூளையின் அடியில் இருக்கும் நரம்பு முடிச்சுகள் அந்த வேலையைப் பார்க்கின்றன. அதற்கு டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் வேண்டும். பார்க்கின்சனில் டோபமின் சுரக்கும் செல்கள் குறைந்துகொண்டே போவதால் உள்ளே விழும் தட்டு மங்கிவிடுகிறது. கால் தசை நன்றாகத்தான் இருக்கும், எப்போது கிளம்புவது என்பதுதான் தெரியாது. வீட்டுக் கடிகாரம் நின்றுபோனால் கோயில் மணியைக் கேட்டு வேலை பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி வெளியே அடிக்கிற டிரம், காது வழியாக, சிறுமூளையும் மூளையின் இயக்கப் பகுதிகளும் சேர்ந்த வேறு பாதையில் காலுக்குக் கட்டளை கொடுக்கிறது. பழுதான பாதையை அது தொடுவதே குறைவு. மாடிப்படியில் ஏறுவதற்கும் இதே காரணம்தான். ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரிகிற ஒரு குறி. சமதரையில் குறி இல்லை.

கேம்பிரிட்ஜில் ஜெசிகா கிரானும் மாத்யூ பிரெட்டும் 2007இல் ஒன்று காட்டினார்கள். கையைக் காலை அசைக்காமல் படுத்துக்கொண்டு தாளத்தைக் கேட்டாலே போதும், இயக்கத்துக்கான அந்தப் பகுதிகள் விழித்துக்கொள்கின்றன. கச்சேரியில் தொடை தட்டாமல் உட்கார முடியாதவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் ரசனை என்று நினைக்காதீர்கள்.

இதைச் சிகிச்சையாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் தாட். 1996இல் அவர் குழு கொலராடோவில், பார்க்கின்சன் உள்ளவர்களைத் தாளம் அழுத்தமாக விழும் இசைக்கு வீட்டிலேயே தினமும் அரைமணி நேரம் நடக்கவைத்தது. மூன்று வாரத்தில் நடை வேகம் 25 சதவீதமும் அடியின் நீளம் 12 சதவீதமும் கூடின. நோய் குணமாகிவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பயிற்சியை விட்டால் பலனும் கரையும்.

இப்போது உங்கள் கேள்வி. அப்பாவின் காலுக்கு வேண்டியது தாளம். பாட்டின் மற்ற சமாச்சாரம் எதுவும் காலுக்குத் தேவையில்லை. அறுபதுகளின் சோகப் பாட்டில் தாளம் மெதுவாக, மறைந்து, தபலாவும் வயலினும் கொஞ்சுகிற மாதிரி வரும். அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். உணர்ச்சிக்கு ஏற்ப வேகம் லேசாக இழுக்கும், லேசாக ஓடும். கேட்க அது அழகு. காலுக்குப் பிடிமானம் கிடைக்காது. இப்போதைய குத்துப்பாட்டில் கணினி வைத்த அடி, முதல் வரியிலிருந்து கடைசி வரை ஒரே வேகம், அழுத்தம் எங்கே விழும் என்று சந்தேகமே வராது.

இன்னொரு விஷயம். அவர் அன்றைக்குக் கோபத்திலும் இருந்தார். பார்க்கின்சன் உள்ளவர்கள் திடீர்க் கோபத்தில், பயத்தில், வீடு தீப்பிடித்தால் எழுந்து ஓடியிருக்கிறார்கள். ஆகவே கோபம் இல்லாத ஒரு நாளில் அதே அடியைப் போட்டுப் பாருங்கள். நடந்தால் அது தாளத்தின் வேலை.

செய்முறை சொல்கிறேன். மாத்திரை நன்றாக வேலை செய்கிற நேரத்தில் அவரைக் கூடத்தில் இயல்பாக நடக்கவிட்டு அரை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள், இரண்டால் பெருக்குங்கள். போனில் ஒரே வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கிற மெட்ரோனோம் செயலி இலவசமாகக் கிடைக்கும், அதில் அந்த எண்ணை வையுங்கள். இப்படிக் கால் தரையில் ஒட்டி உறையாத நோயாளிகளுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவோம். உறைகிறவர்களுக்கு அப்படிச் செய்யமாட்டேன். அவருடைய எண்ணிலேயே, அல்லது ஒரு பத்து சதவீதம் குறைத்து ஆரம்பிப்பேன். வேகம் கூடினால் அடி சிறுத்து, உடம்பு முன்னால் சாய்ந்து, குடுகுடுவென்று ஓடி விழுவார்கள். இங்கேதான் உங்கள் மைதானத்து டிரம் எனக்குப் பயம். அணிவகுப்பு நடை நிமிடத்துக்கு 120 அடி. பி.டி. வாத்தியார் அதைக் கேட்டால் அந்த வேகத்துக்குத்தான் போவார். அவர் காலுக்கு இப்போது அது அதிகம்.

நிலைப்படியில் நின்றுவிட்டால் இழுக்காதீர்கள், தள்ளாதீர்கள், கையைப் பிடித்து முன்னால் நின்று கூப்பிடாதீர்கள். பக்கத்தில் நின்று, தாளத்துக்கு இடதும் வலதுமாக உடம்பின் பாரத்தை மாற்றி மாற்றி அசையச் சொல்லுங்கள். ஒரு கால் லேசானதும் பெரிய அடியாக எடுத்து வைக்கட்டும். நிலைப்படிக்கு முன்னால் தரையில், அவர் தாண்டிப் போகிற மாதிரி குறுக்கே பளிச்சென்ற நிறத்தில் டேப் ஒட்டுங்கள். தரைக் கோடு இவர்களை நடக்கவைக்கும் என்பதை லண்டனில் பர்டன் மார்ட்டின் 1967லேயே எழுதிவைத்திருக்கிறார். செலவு என்று பார்த்தால் நாற்பது ரூபாய்.

அழுகையைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.


தவில்வீட்டுப்பிள்ளை:

நடைபழக்கி சார் சொல்வதைத்தான் எங்கள் தாத்தா வேறு பாஷையில் சொல்வார். சாமி புறப்பாட்டில் தோளில் பல்லக்கைச் சுமக்கிற ஆட்களைக் கவனியுங்கள். மேளம் நின்றால் அவர்கள் கால் குழறும், பாரம் இரட்டிப்பாகத் தெரியும் என்பார்கள். மேளம் சேர்ந்ததும் எல்லாத் தோளும் ஒன்றாக ஏறி இறங்கும்.

ஆனால் யாராவது உணர்ச்சிவசப்பட்டு, புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கிற மல்லாரியைப் போடச் சொல்லிவிடப் போகிறார்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன், வேண்டாம். மல்லாரி கம்பீரமானதுதான், சாகித்தியம் கிடையாது, வார்த்தை வந்து குறுக்கே நிற்காது. ஆனால் அதில் கணக்கு அதிகம். ஒரே வரியை ஒரு காலத்தில் வாசித்து, இரண்டு காலத்தில் வாசித்து, மும்மூன்றாக எண்ணுகிற திஸ்ரத்தில் திருப்பி என்று போகும். அப்பா எங்கே காலை வைப்பார்? நையாண்டி மேளமும் அப்படித்தான். ஆரம்பித்த வேகத்தில் முடிகிற அடி எங்களிடம் அபூர்வம், ஏறிக்கொண்டேதான் போகும். உறுமியில் வேகம் ஏற ஏறத்தான் சாமி வரும். அந்த ஏற்றத்துக்காகவேதான் அடிப்பதே. திருவிழாவில் நல்ல உடம்புக்காரனுக்கே மூச்சு வாங்கும், கண் செருகும், இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்க்கின்சன் காலுக்கு அதைக் காட்டக்கூடாது.

வேண்டியது நாலு நாலாக எண்ணுகிற சாதா சதுஸ்ர நடை. தகதிமி, தகதிமி. "த" விழும்போது இடது, "தி" விழும்போது வலது. உங்கள் எண்ணைச் சொல்லுங்கள், நானே தவிலில் ஒரே வேகமாக வாசித்துப் பதிவு செய்து அனுப்புகிறேன். மெட்ரோனோம் டிக் டிக்கைக் காட்டிலும் தவிலின் வலந்தலை (வலது பக்கம்) அடி காதில் நன்றாக உட்காரும். சொந்தக் கருத்துதான், ஆராய்ச்சி எல்லாம் இல்லை.


ஜெராக்ஸ்கடை:

எல்லாருக்கும் நன்றி. எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு 96. மெட்ரோனோமை 90இல் வைத்துவிட்டுக் கோபம் எதுவும் இல்லாத காலை நேரத்தில், காபி குடித்த பிறகு விட்டேன். நடந்தார். நிலைப்படியில் ஒரு கணம் தயங்கி, சார் சொன்ன மாதிரி அசைந்து, தாண்டினார். "இது என்ன, பல்லி கத்துகிற மாதிரி" என்றார். மெட்ரோனோம் பிடிக்கவில்லை, ஆனால் குத்துப்பாட்டுக்கு இது மேல் என்று ஒப்புக்கொண்டார்.

மஞ்சள் டேப் ஒட்டியதில்தான் வீட்டில் ரகளை. வாசல்படியில் என்ன கண்ணராவி இது என்று அம்மா இரண்டு முறை பிய்த்துவிட்டாள். இப்போது சிவப்பு டேப், "செம்மண் கோடு மாதிரி இருக்கு" என்று சமாதானம்.

அழுகையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அவரே ராத்திரி சாப்பிட்டுவிட்டு "அந்தப் பாட்டைப் போடு" என்கிறார். போட்டால் அழுகிறார். முடிந்ததும் "இன்னொரு தடவை" என்கிறார். வாழ்நாளில் அவர் அழுது நான் பார்த்ததில்லை, பாட்டி செத்தபோதுகூட.


மாத்திரைக்காரன் (சென்னை):

மருந்தியல் படித்தவன், ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருக்கிறேன். சின்ன வயதில் வயலின் கற்று விட்டவன் என்பதால் இந்த விஷயத்தைத் தேடித் தேடிப் படிப்பேன்.

உங்கள் அப்பா விஷயத்தில் அழகு என்னவென்றால் இரண்டுக்கும் டோபமின்தான், ஆனால் இடம் வேறு. பார்க்கின்சனில் முதலில் வறண்டுபோவது காலையும் கையையும் நடத்துகிற பகுதி. அதற்குக் கீழே, ஒன்றை ரசிப்பதற்கும் ஆசைப்படுவதற்கும் உரிய பகுதி இருக்கிறது. நோய் அங்கே மெதுவாகத்தான் வருகிறது, பல வருடம் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஆகவே தாளம் பிடிக்கிற இடத்தில் அவருக்குப் பஞ்சம், பாட்டில் உருகுகிற இடத்தில் இன்னும் பசுமை. சோகப் பாட்டு நேராக அங்கே போய் விழுகிறது. கால் அந்தப் பேச்சிலேயே இல்லை. சொல்லப்போனால் எதிர்வேலைகூடச் செய்யும். அவர் நடக்கும்போது காலைக் கொஞ்சம் யோசித்து வைத்தாக வேண்டும். பாட்டு அந்தக் கவனத்தை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது.

மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 2011இல் செய்த ஆய்வு ஒன்று உண்டு. பாட்டுக் கேட்டால் மயிர்க்கூச்செறியும் ஆட்களாகத் தேர்ந்தெடுத்து, அவரவர் கொண்டுவந்த பாட்டையே போட்டு, மூளையைப் படம் பிடித்தார்கள். சிலிர்ப்பு வருகிற கணத்தில் அந்த ரசனைப் பகுதியில் டோபமின் பெருகியது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த தகவல்தான். சிலிர்ப்புக்குக் கொஞ்சம் முன்னால், "இதோ வரப்போகிறது" என்று மனம் காத்திருக்கும்போதே அடுத்த வீட்டில், அதாவது பக்கத்துப் பகுதியில், டோபமின் ஏறத் தொடங்கிவிடுகிறது. மனப்பாடமான பாட்டு ஏன் சலிப்பதில்லை என்று இப்போது தெரிகிறதா? உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது சரணம் வரப்போவது தெரியும். தெரிந்திருப்பதால்தான் கண்ணில் தண்ணீர். அறுபதுகளில் அவருக்குப் பதின்வயது. அந்த வயதில் கேட்ட பாட்டுதான் எல்லாருக்கும் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருக்கும், என் மகனுக்கு இன்றைய குத்துப்பாட்டு நாளைக்கு அப்படி இருக்கும். பாவம்.

2019இல் பார்சிலோனாவில் இதைவிட நேராகச் சோதித்தார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாள் டோபமினைக் கூட்டுகிற லெவோடோபா, ஒரு நாள் டோபமினைத் தடுக்கும் மாத்திரை, ஒரு நாள் வெறும் மாத்திரை கொடுத்துப் பாட்டுக் கேட்கவைத்தார்கள். லெவோடோபா நாளில் பாட்டு அதிகமாக இனித்தது, தடுப்பு மாத்திரை நாளில் சப்பென்று ஆனது. லெவோடோபா எது தெரியுமா? பார்க்கின்சனுக்குக் காலங்காலமாகக் கொடுப்பது. உங்கள் அப்பாவும் அநேகமாக அதைத்தான் போடுகிறார், சீட்டைப் பாருங்கள்.

அழுகை கெடுதலா என்றால், அவரே கேட்டு வாங்கி அழுது, இன்னொரு தடவை என்று கேட்கிற அழுகையை நான் நிறுத்தமாட்டேன். அவருக்கு அதில் ஏதோ கிடைக்கிறது. வேறொன்றைக் கவனியுங்கள். பார்க்கின்சனில் மனச்சோர்வு சாதாரணமாக வரக்கூடியது. பாட்டு இல்லாத நேரத்திலும் அழுகிறாரா, பேப்பர் படிப்பதை விட்டுவிட்டாரா, சாப்பாட்டில், ஆட்களில் ஆசை போய்விட்டதா, பிடித்த பாட்டைப் போட்டாலும் "அணைச்சுடு" என்கிறாரா? அப்படியென்றால் அடுத்த முறை மருத்துவரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அதற்குத் தனியாக மருந்து இருக்கிறது.

நீலாம்பரி அம்மாவுக்கு. இத்தாலியின் பவியாவில் 2006இல் வெளியான ஆய்வில், மேற்கத்திய இசையோடு நம் நாட்டு ராகம் ஒன்றையும் சேர்த்து ஆறு வகை இசையைப் போட்டு இதயத்துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம் எல்லாம் அளந்தார்கள். எந்த வகை இசை என்பதைவிட என்ன வேகம் என்பதுதான் உடம்பில் தெரிந்தது. வேகம் கூடினால் மூச்சும் துடிப்பும் கூடின, வேகம் இறங்கினால் இறங்கின. நடுவில் இரண்டு நிமிடம் இசையை நிறுத்தினார்கள். அந்த மௌனத்தில் எல்லாம் ஆரம்ப நிலைக்கும் கீழே போயின. ஆகவே ஆனந்தபைரவியை விளம்பமாக, அதாவது மெதுவாகப் பாடினால் அழுத்தம் கொஞ்சம் இறங்கலாம்தான். ஆனால் அந்தப் புண்ணியத்தை ராகத்துக்கு மட்டும் எழுதிவைக்க ஆதாரம் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ராகத்தைக் கேட்கிற ஆட்களை எங்கள் மருந்தகத்தில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.


நீலாம்பரி:

மாத்திரையை நிறுத்தச் சொல்ல நான் என்ன பைத்தியமா தம்பி? ஆனாலும் உங்கள் இத்தாலிக்காரர்கள் இளவட்டங்களை உட்காரவைத்துக் காதில் கருவியை மாட்டி அளந்ததும், ஒரு கிழவி பேத்தியை மடியில் போட்டு நீலாம்பரியில் தாலாட்டுவதும் ஒன்றில்லை. மடியும் சூடும் அதே குரலும் சேர்ந்தால்தான் அது பாட்டு. அதை அளக்கக் கருவி வந்ததும் சொல்லுங்கள், நானும் படிக்கிறேன்.


மாத்திரைக்காரன் (சென்னை):

அம்மா, மடிக்கு நான் எதிரி இல்லை. அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் பாட்டுக் கேட்ட நோயாளிகளுக்கு வலியும் பதற்றமும் குறைந்தன, வலி மாத்திரையும் குறைவாகவே தேவைப்பட்டது என்று 72 ஆய்வுகளைச் சேர்த்து லான்செட் மருத்துவ இதழில் 2015இல் போட்டார்கள். அங்கேயும் எந்தப் பாட்டு என்பது பெரிய விஷயமாக இல்லை. உங்கள் மாணவிகளுக்கு நீலாம்பரி நீலாம்பரியாகவே இருக்கட்டும்.


நடைபழக்கி (திருச்சி):

ஜெராக்ஸ்கடை அண்ணா, 90இல் நடந்தார் என்பது நல்ல சேதி. இன்னும் சில விஷயம் விட்டுப்போயிற்று.

பிடித்த பாட்டை நடையிலிருந்து மொத்தமாக விலக்க வேண்டாம். கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் 2010இல், நோயாளிகளுக்குப் பிடித்த பாட்டுகளிலிருந்தே ஒவ்வொருவரின் நடை வேகத்துக்கு ஒத்தவற்றைப் பொறுக்கிக் கொடுத்து, 13 வாரம் வீட்டில் நடக்கவைத்தார்கள். நடை தேறியது. ஆக அவருக்குப் பிடித்ததும் வேண்டும், 90க்குப் பக்கத்தில் அடி விழுவதும் வேண்டும். அறுபதுகளில் சோகப் பாட்டு மட்டுமா வந்தது? படகுப் பாட்டு, குதிரை வண்டிப் பாட்டு, வயலில் நாற்று நடுகிற பாட்டு என்று எத்தனை. குதிரைக் குளம்பு அடிக்கு இணையான மெட்ரோனோம் எங்கே கிடைக்கும்! அவரிடமே கேளுங்கள், பத்துப் பாட்டாவது சொல்வார். இணையத்தில் பாட்டின் பெயரோடு நிமிடத்துக்கு எத்தனை அடி என்று பார்க்க வசதி இருக்கிறது. 90க்கு மேலேயோ கீழேயோ இருந்தால் சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் மாற்றுகிற செயலிகளும் உண்டு.

ராத்திரி அழுகைப் பாட்டை உட்காரவைத்துக் கேட்கவிடுங்கள். அதற்கும் நடைக்கும் நேரம் கலக்க வேண்டாம். அழுத கையோடு எழுந்து கழிவறைக்குப் போவார், அந்த இடம் குறுகல், திரும்ப வேண்டியிருக்கும், இருட்டு. உறைந்து விழுவதற்கு இதைவிடத் தோதான இடம் இல்லை. பாட்டு முடிந்து கொஞ்சம் பேசிக்கொண்டிருந்துவிட்டு எழுப்புங்கள்.

தெருவில் காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம். பைக் சத்தம் கேட்காது. ஸ்பீக்கரைச் சட்டைப் பையில் வைத்தால் போதும். கொஞ்ச நாள் போனதும் ஸ்பீக்கரே இல்லாமல், மனதுக்குள்ளேயே பாடிக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தபோது, வெளியே பாட்டைக் கேட்டு நடப்பதைவிட மனதுக்குள் பாடி நடந்தவர்களின் அடிகள் சீராக இருந்தன. பேட்டரி தீரும் என்ற கவலையும் இல்லை.


ஜெராக்ஸ்கடை:

சார், கேட்டேன். குதிரை வண்டிப் பாட்டு என்று சொன்னதும் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு பழைய டைரியை எடுக்கச் சொல்லி அதன் பின்பக்கத்தில் எழுதவைத்தார். பெயர் மட்டும் இல்லை, எந்தப் படம், எந்தத் தியேட்டரில் யாரோடு பார்த்தார் என்றுகூட. யாரோடு என்கிற இடத்தில் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அம்மா இருக்கிற பக்கம் பார்த்து, அதை அடித்துவிடச் சொன்னார். அடிக்கவில்லை.

மனதுக்குள் பாடுவது அவருக்குச் சரிப்படவில்லை. பாட ஆரம்பித்தால் வரியில் போய்விடுகிறார். அதற்குப் பதிலாக "ஒன், டூ, ஒன், டூ" என்று உரக்கச் சொல்லிக்கொள்கிறார், அது நன்றாக வேலை செய்கிறது. ஆனால் 90இல் ஆரம்பித்தாலும் வாசலை நெருங்க நெருங்க 110க்குப் போய்விடுகிறது. பழைய வேகம் நாக்கில் ஊறிக் கிடக்கிறது. அதனால் தவில் அண்ணனின் பதிவு கிடைத்தால் அதையே போட்டு எண்ணவைக்கலாம் என்று நினைக்கிறேன். 90இல் வாசித்துத் தர முடியுமா? பத்து நிமிடம் இருந்தால் போதும்.


தவில்வீட்டுப்பிள்ளை:

தாராளமாக. வெள்ளிக்கிழமை ஒரு கல்யாணம், அது முடிந்ததும் வாசித்துவிடுகிறேன். 90க்கு ஒன்று, 94க்கு ஒன்று, தனிச்செய்தியில் எண்ணைக் கொடுங்கள், வாட்ஸ்அப்பில் வரும். காதில் மெட்ரோனோமை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பேன், நம் கையை நம்ப முடியாது, அது ஓடும். ஒன்று மட்டும், கடைசியில் தீர்மானம், அதாவது முடிக்கிற அடி, வைக்கமாட்டேன். தீர்மானம் கேட்டால் கச்சேரி முடிந்தது என்று அப்பா கூடத்து நடுவில் நின்றுவிடுவார். ஒரே நடையாக வாசித்து, அப்படியே சத்தத்தைக் குறைத்துவிடுகிறேன். அதற்குள் அவரை நாற்காலிக்குக் கொண்டுபோய்விடுங்கள்.